வேலிகாத்தான் கிளை

போன மாதம் ஒரு அம்பேத்கர் வாசிப்பு வட்டத்தில் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் இருவர், அக்காவும் தங்கையும். கரியால் வரைந்த எங்கள் படங்களில் பத்துப் பன்னிரண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். சுவரில் ஒட்டிவைத்துப் பேசினோம். கடைசியில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "அக்கா, கொழந்த பொறந்த பிறகு நீங்க வரையறது மாறிச்சா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களில் மூத்தவள் மைக்கை வாங்கி, "தாய்மையே பெரிய படைப்புதான். கருவைச் சுமப்பதும் ஓவியத்தைச் சுமப்பதும் ஒன்று. இயற்கை பெண்ணுக்குக் கொடுத்த வரம் அது" என்றாள். இளையவளும் தலையாட்டினாள். நல்ல கைதட்டல். ஒரு தம்பி அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து அன்றிரவே நிலைத்தகவலாகப் போட்டுவிட்டார்.

செங்கல்பட்டு வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். பாதி வழியில் இளையவள் கேட்டாள்: "ஏன்கா அப்டி சொன்னோம்?" மூத்தவளிடம் பதில் இல்லை. அந்தப் பதில் எங்கள் வீட்டில் பிறந்ததில்லை. எங்கோ நாள்காட்டியிலும் மகளிர் தின வாழ்த்து அட்டையிலும் படித்தது. கேட்ட மாணவிக்குச் சரியான பதில் சொல்ல வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறோம்.

மூத்தவளுக்கு முதல் குழந்தை பிறந்தபின் பதினான்கு மாதம் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. உள்ளே ஏதோ கனிந்துகொண்டிருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டோம். தூக்கமில்லை, இடுப்பு வலி, கைக்கு நேரமில்லை, அவ்வளவுதான். இளையவள் பிரசவமான மூன்றாம் மாதமே வரைய உட்கார்ந்தாள். அவளுக்குத் திறமை அதிகம் என்பதால் இல்லை. அம்மா அப்போது அவளோடு வந்து தங்கியிருந்தார். காலையில் பத்திலிருந்து ஒன்றுவரை குழந்தை அம்மாவின் மடியில். அந்த மூன்று மணி நேரம்தான் படமாக மாறியது. மூத்தவளின் பிரசவத்தின்போது அம்மாவுக்கு நூறுநாள் வேலை இருந்தது. வரவில்லை.

அந்த மாணவிக்கான பதிலில் பாதி இதுதான்: எங்கள் அம்மா எத்தனை மணி நேரம் பேரப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாரோ அத்தனை மணி நேரம் நாங்கள் வரைந்தோம். எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் இயக்கத்தில் இருப்பவர்கள். பெண் விடுதலை பற்றி மேடையில் நாற்பது நிமிடம் குறிப்பில்லாமல் பேசுவார்கள். தூளியை எப்படி ஆட்டினால் பிள்ளை தூங்கும் என்று அவர்கள் கற்றுக்கொள்ள இரண்டாவது குழந்தை வரை ஆனது. இதை அவர்கள் படித்துவிட்டுத்தான் பதிவேற்றப் போகிறோம், அதனால் புறம்பேசியதாகாது.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. ஆலைத் தொழிலாளிகளுக்கான சட்டம் அது. இன்று இந்தியச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். 2017இல் 12 வாரத்திலிருந்து உயர்த்தினார்கள். ஆனால் விடுப்பு வாங்க முதலில் ஒரு வேலைக்கொடுப்பவர் வேண்டும். களை எடுக்கிறவளுக்கு யார் விடுப்பு தருவது? சுவரில் படம் வரைந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற எங்களுக்கு யார் தருவது? தமிழ்நாட்டில் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான உதவி இருக்கிறது, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். எங்களுக்குக் கைகொடுத்தது, மறுக்கவில்லை. அம்மா எங்களைப் பெற்றபோது முப்பத்தைந்தாம் நாள் களை எடுக்கப் போயிருக்கிறார். இரண்டு பேருக்கும் அதே கணக்குத்தான்.

இந்த இடத்தில்தான் இயற்கை வருகிறது.

களைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை எங்கே போடுவார்கள்? மரத்தில் தூளி கட்டுவார்கள். நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளின் அட்டைகளில் பார்த்திருப்பீர்கள்: ஆலமரம், சேலைத் தூளி, குனிந்து நடவு நடும் தாய், தூரத்தில் சூரியன். நாங்கள் வேலை செய்த வயல் பக்கத்தில் பம்புசெட் கொட்டகையை ஒட்டி ஒரு வேப்ப மரம் உண்டு. நல்ல நிழல். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அதில் தூளி கட்டப் போயிருக்கிறார். நிலத்துக்காரர் வீட்டு அம்மாள் வந்து, "அது அம்மன் இருக்கிற மரம், அதுல துணி கட்டாத" என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அந்த மரத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தது. அம்மன் ஊஞ்சலைப் பொறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அம்மா ஏரிக்கரைச் சரிவில் இருந்த வேலிகாத்தானில் தூளியைக் கட்டினார். தெற்கே சீமைக்கருவேலம் என்பார்கள், எங்கள் பக்கம் வேலிகாத்தான். அது யார் பட்டாவிலும் இல்லாத மரம். நிழல் சல்லடை மாதிரிதான் விழும். மேலே ஒரு ஈரத் துண்டைப் போர்த்துவாராம். நாங்கள் இருவரும் அந்த மரத்தில்தான் வளர்ந்தோம்.

அந்த வேப்ப மரம் நிற்கும் நிலம் பஞ்சமி நிலம் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் பலருக்குத் தெரிந்த வரலாறுதான், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைத்தார்கள். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு என்று சொல்லப்படுகிறது. பத்தாண்டுவரை விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று எங்கள் மாவட்டத்தில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தார்கள். தாத்தா சொன்னதற்கு எங்களிடம் ஆவணம் கிடையாது. பழைய அ பதிவேட்டின் நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். இரண்டு முறை வேறு சர்வே எண்ணுக்கான தாளை அனுப்பினார்கள். மூன்றாவது மனு போயிருக்கிறது.

ஆகவே யாராவது எங்களிடம் "நீங்கள் இயற்கையோடு ஒன்றி வாழ்கிற மக்கள்" என்று பாராட்டாகச் சொன்னால், எந்த மரத்தோடு என்று கேட்கத் தோன்றுகிறது.

வேலிகாத்தானை எல்லோரும் திட்டுகிறார்கள். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தது. ஆடுமாடு காயைத் தின்று விதையைப் பரப்ப, ஏரி குளமெல்லாம் ஏறிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது எங்கள் நண்பர்களான சூழலியல் தோழர்கள் கொண்டாடினார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தையும் நீர்வரத்தையும் இது அடைத்துக்கொள்வதை நாங்களே பார்க்கிறோம். இது புனிதமான மரம் என்று வாதாட வரவில்லை. ஆனால் சேரியின் அடுப்பு பல பத்தாண்டுகளாக எதில் எரிந்தது? புன்செய் வரப்பில் ஒரு பனைமட்டை பொறுக்கினாலும் கேள்வி கேட்கிற ஊரில், கேட்காமல் வெட்ட முடிந்த ஒரே விறகு இதுதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இதைக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ நிலமற்ற குடும்பங்கள் பிழைக்கின்றன. அகற்றுவது பற்றிப் பேசும் கூட்டங்களில் விறகு வெட்டும் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாங்கள் பார்த்ததில்லை. அம்மாவின் குதிகாலில் ஏறிய முட்களை எருக்கம்பால் வைத்து ஊக்கால் எடுத்தது எங்கள் சிறுவயது வேலைகளில் ஒன்று. அவருக்கு அந்த மரத்தைப் பிடிக்குமா என்று கேட்டோம். "புடிக்கறது இன்னா, அது இருந்துச்சு" என்றார்.

எங்கள் கரியும் அதிலிருந்துதான் வருகிறது. கலைப்பொருள் கடையில் கரிக்குச்சி பெட்டி விற்கிறார்கள். வில்லோ மரக்கிளையில் செய்தது, மெத்தென்று எழுதும். குழந்தை பிறந்த வருடத்தில் அதற்கெல்லாம் பணமில்லை. வீட்டில் மிஞ்சிக் கிடந்தது பால்மாவு டப்பா. விரல் கனத்தில் வேலிகாத்தான் சிம்புகளை ஒடித்து, பட்டையை உரித்து, டப்பாவில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு விறகடுப்பில் வைக்க வேண்டும். துளை வழியாகப் புகை வரும். புகை நின்றால் உள்ளே கரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது டப்பாவை எடுத்துத் துளையை அடைத்து நன்றாக ஆறவிட வேண்டும். முதல் தடவை எங்களுக்கு அவசரம். பிள்ளை எழுந்துவிடுவான் என்று சூட்டோடு திறந்துவிட்டோம். காற்றுப் பட்டதும் எல்லாம் கனன்று சாம்பலாகிவிட்டது. பிள்ளையும் எழுந்துவிட்டான்.

வேலிகாத்தான் கரி கடினம். தாளைக் கீறும். மென்மையான நிழல் கேட்டால் தராது. ஒருமுறை போட்ட கோட்டை முழுசாக அழிக்கவும் விடாது. ஆரம்பத்தில் சண்டையாக இருந்தது, இப்போது கை பழகிவிட்டது. வரைந்த கரி உதிராமல் நிற்கப் பாலில் தண்ணீர் கலந்து மேலே தெளிக்கலாம், பழைய ஓவியர்களின் வழி அது. இளையவள் ஒருநாள் பிள்ளைக்கு வைத்திருந்த பாலில் கால் டம்ளரைப் படத்துக்குத் தெளித்துவிட்டாள். மாமியார் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் மகளிர் தினத்தையொட்டிக் கண்காட்சி. தலைப்பு, இயற்கையும் தாய்மையும். நாங்கள் எடுத்துப்போனது அம்மா களை எடுக்க, பின்னால் வேலிகாத்தானில் தூளி தொங்கும் படம். ஏற்பாட்டாளர் மரியாதையான மனிதர், தேநீர் கொடுத்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப சக்திவாய்ந்த படம். ஆனா முள் கொஞ்சம் வன்முறையா இருக்கு. மாமரமா மாத்த முடியுமா? நம்ம மண்ணோட மரம்."

மாற்றிக் கொடுத்தோம். அந்த ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வேறு தாளில் மாமரத்தை வரைந்தோம், இலைகளெல்லாம் நன்றாக வந்தன, இரண்டு காய்கூட வைத்தோம். முதல் நாளே விற்றுவிட்டது. யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் எங்கள் அம்மா எங்களுக்குக் கிடைக்காத மரத்தடியில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பு வட்டத்தில் சொன்ன பதிலும் அதே மாமரத்தில் காய்த்ததுதான். இந்த முறை யாரும் பணம்கூடக் கொடுக்கவில்லை.

இந்த நெருக்கடி எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பீகாரின் மதுபனி ஓவியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960களின் கடும் பஞ்சத்தின்போது சுவரில் வரைந்துகொண்டிருந்த பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் சொன்னார்கள். முதலில் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்கள். அவர்கள் வரைந்தது ராமன் சீதை, திருமண அறை, தாமரை. ஜித்வார்பூர் கிராமத்தின் துசாத் சமூகப் பெண்களும் பின்னர் வரைய வந்தார்கள். சானோ தேவி அவர்களில் முக்கியமானவர். அவர்கள் தாமரையைக் கடன் வாங்கவில்லை. தங்கள் கையிலும் காலிலும் குத்தியிருந்த பச்சையைப் பார்த்தார்கள். அந்தப் புள்ளி, வளையம், வரிசைகளையே தாளில் இறக்கினார்கள். தங்கள் குலவீரன் சல்ஹேஷின் கதையை வரைந்தார்கள். சாணக் கரைசல் பூசிய தாளில் வரைவதும் தலித் பெண்கள் கொண்டுவந்த வழக்கம். கோத்னா என்று அந்தப் பாணிக்கே பெயர், பச்சை குத்துதல் என்று பொருள். எங்கள் ஆயாவின் முன்கையிலும் தேய்ந்துபோன ஒரு கோலம் இருந்தது. செங்கல் துண்டால் அதைத் திண்ணையில் பார்த்து வரைந்ததுதான் எங்கள் முதல் படம். எத்தனையோ வருடம் அதை ஓவியம் என்று நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே மதுபனியில் துலாரி தேவி இருக்கிறார், மீனவர் சமூகத்துப் பெண். சிறுவயதில் கல்யாணம், கைக்குழந்தையைப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியவர். மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி என்ற ஓவியர்களின் வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் பெருக்கவும் போனவர், அவர்கள் வரைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 2010இல் சென்னையின் தாரா பதிப்பகம் அவர் வாழ்க்கையை அவர் படங்களோடு புத்தகமாகப் போட்டது. 2021இல் பத்மஸ்ரீ. தாய்மையும் படைப்பும் ஒன்று என்று மைக்கில் முழங்கிய நாங்கள் துலாரி தேவியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வோமா? அன்றைய கூட்டத்திலேயே குழந்தை இல்லாத தோழி ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை தட்டினாளா என்று நாங்கள் பார்க்கவில்லை.

குழந்தைகள் எங்களுக்கு எதுவுமே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு வாய் வராத காலத்தில் அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எங்கள் கண் கொஞ்சம் தாழ்ந்தது. தரையளவுக்கு வந்தது. எறும்பு, கதவிடுக்கு வெளிச்சம், ஆயாவின் பித்தவெடிப்புக் கால். மூத்தவள் அதற்குப்பின் வரைந்த படங்களில் தலைகளைவிடக் கால்கள் அதிகம். மூத்தவளின் மகள் இப்போது நாலாம் வகுப்பு. பள்ளியில் "எனக்குப் பிடித்த மரம்" வரையச் சொன்னதற்கு வேலிகாத்தானை வரைந்து போனாள். டீச்சர் அது மரமே இல்லை, களை என்றாராம். வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்டாள், மரமா களையா என்று. நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பேருந்தில் வந்த அன்றிரவே அந்தப் பழைய படத்தைத் திரும்ப வரைவது என்று முடிவெடுத்தோம். அசல் தாள் மழையில் நனைந்து போயிருந்தது. புதிதாக மூன்றடிக்கு நாலடித் தாளில் தொடங்கினோம், ஒருத்தி வரைய ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, முறைபோட்டு. பன்னிரண்டு நாள் ஆனது. இந்த முறை முள்ளை விடவே இல்லை. மாமரத்துக்குப் பரிகாரம் செய்கிற வேகத்தில் கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு முள்ளாக வரைந்து தள்ளினோம். தூளி கட்டிய கிளை முழுக்க முள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"தூளி இவ்ளோ ஒசரத்துல கட்டுவாங்களாடி? மொழங்கால் ஒசரம்தான். நாய் கீய் வந்தா குனிஞ்ச வாக்குல தெரியணும்."

சரி என்றோம். அவர் நகரவில்லை. விரலைத் தாளில் படாமல் கிளைமேல் ஓட்டிக்கொண்டே போனார்.

"இன்னாடி இது, இவ்ளோ முள்ளு?"

"வேலிகாத்தான்மா. முள்ளு இருக்கும்ல?"

"மரத்துல இருக்கும். புள்ள படுக்கற கெளைல உடுவனா? காலைல போனதும் மொத வேல அதான். கத்தியால ஒவ்வொண்ணா சீவிட்டு, கையால தடவிப் பாத்துட்டுத்தான் துணியக் கட்டுவேன். அப்பறம்தான் களைக்கு எறங்குவேன். லேட்டுன்னு அரை நாள் கூலி புடிச்சிருக்கான் ஒருத்தன்."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அந்த ஒரு கிளையில் மட்டும் முட்களைத் துடைக்க ஆரம்பித்தோம். வேலிகாத்தான் கரி லேசில் போகாது என்று சொன்னோம் அல்லவா, ஒவ்வொரு முள் இருந்த இடத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி நின்றுவிட்டது. அழிரப்பர் எடுக்கப் போன இளையவளை அம்மா தடுத்தார்.

"அது இருக்கட்டும். சீவுன எடம் அப்டித்தான் இருக்கும்."